கடை வாசலில் துப்பாக்கியைத் தடுக்கும் 30.06 (டெக்சஸ் தண்டனைச் சட்டப் பிரிவு) பலகை வைக்கலாமா? மறைத்து எடுத்து வருபவர்கள் அதை மதிக்கிறார்களா?

இட்லிக்கடை_இர்விங்
வணக்கம். டல்லாஸ் பக்கம் சின்னதாக ஒரு டிபன் கடை திறக்கப் போகிறோம். நாற்பது பேர் உட்காரலாம், மது கிடையாது, மூன்று பங்குதாரர்கள். ஒருவர் "குழந்தை குட்டியோடு வரும் இடம், துப்பாக்கிக்கு அனுமதியில்லை என்று பலகை வைத்தே ஆகணும்" என்கிறார். இன்னொருவர் எல்டிசி, அதாவது கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல டெக்சஸ் தரும் உரிமம், வைத்திருப்பவர். "பலகை வைத்தால் என் சிநேகிதர்கள் ஒருத்தரும் வரமாட்டார்கள்" என்று முறுக்கிக்கொள்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். டெக்சஸில் கடை நடத்துபவர்கள், கேரி பண்ணுபவர்கள் (துப்பாக்கியோடு வெளியே போகிறவர்கள்) இரண்டு பேரும் சொல்லுங்கள். பலகையைப் பார்த்து நிஜமாகவே யாராவது திரும்பிப் போகிறார்களா?

லோன்ஸ்டார்_முருகேசு
முதல்ல வாழ்த்துகள் அண்ணா. நான் கேரி பண்றவன், அதனால நேராச் சொல்லிடறேன். துப்பாக்கிப் படத்து மேல சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் விக்குதே, அதைப் பார்த்து டெக்சஸ்ல எல்டிசிக்காரன் எவனும் நிக்கமாட்டான். நிக்கணும்னு சட்டமும் சொல்லல. 30.06 வாசகம் இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டுலயும், ஒரு இஞ்ச் உயர எழுத்துல, வாசல்ல கண்ணுல படற மாதிரி இருந்தா நான் திரும்பிடுவேன். என் காசு பக்கத்துக் கடைக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் அப்படி இல்ல. துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்ச்ல பேசிக்கிறதைக் கேட்டா தெரியும். "மறைச்சது மறைச்சதுதான், எவனுக்கு எக்ஸ்ரே கண்ணு இருக்கு"ன்னு சட்டையை இழுத்து விட்டுட்டு உள்ள போறவங்க நிறைய.

ஒஹையோ_செல்வி
அந்த "எவனுக்குத் தெரியப்போகுது" வாதத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோம். மனமில்லையென்றால் உள்ளே போகாமல் இருக்கிறோம். வேட்டி தரை வரைக்கும் மறைக்கிறது, செருப்பு தெரியாது என்று நடுக்கூடம் வரை போவார்களா? இடம் அவருடையது. வேண்டாம் என்று சொல்ல அவர் காரணம்கூடக் காட்ட வேண்டியதில்லை.

எங்கள் ஒஹையோவில் இந்த எழுத்து உயரக் கூத்தெல்லாம் இல்லை. தெளிவாகத் தெரியும் இடத்தில் பலகை இருந்து, தெரிந்தே மீறி உள்ளே வந்தால் அது அத்துமீறல் குற்றம். நான்காம் தர மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம்.

செக்‌ஷன்_சுந்தரம்
நான் வக்கீல் இல்லை. கடை வாடகைக்கு எடுத்தபோது இதையெல்லாம் படிக்க வேண்டியிருந்தது. இப்போது டெக்சஸில் ஒரு பலகை போதாது என்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை.

30.06 என்பது உரிமம் வாங்கியவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுக்க. 2016 ஜனவரியில் உரிமக்காரர்கள் இடுப்பில் வெளியே தெரியும்படியும் மாட்டிக்கொள்ளலாம் என்று வந்தபோது, அதைத் தடுக்க விரும்பும் கடைக்காரருக்காக 30.07 வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத்தடை ஏதும் இல்லாத யாரும் உரிமமே வாங்காமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. இவர்களுக்கு 30.06 பொருந்தாது, அதன் வாசகமே உரிமம் பெற்றவரைப் பற்றித்தான் பேசுகிறது. இவர்களைத் தடுக்க 30.05. அந்த 30.05-ஐ மட்டும் வைத்தாலோ, உரிமக்காரர் தன் எல்டிசியைக் காட்டியே தப்பிக்கலாம். ஆக எல்லோரையும் தடுக்க வேண்டுமென்றால் மூன்று பலகை. ஒவ்வொன்றும் இரண்டு மொழியில். கண்ணாடிக் கதவில் அப்புறம் மெனு ஒட்ட இடமிருக்காது.

இது தற்செயலாக நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 1995-ல் உரிமத்தோடு மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற கேரி சட்டம் வந்ததும் கடைக்காரர்கள் ஆளுக்கொரு அட்டை எழுதி மாட்டினார்கள். 1997-ல் 30.06-ஐக் கொண்டுவந்து வாசகத்தையும் எழுத்து உயரத்தையும் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். பலகை வைக்க நினைப்பவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

தண்டனை பெரிதில்லை. பலகையை மீறி உள்ளே வந்தால் கிளாஸ் சி, 200 டாலர் வரை அபராதம். நேரில் "வெளியே போங்க" என்று சொல்லியும் போகாவிட்டால் கிளாஸ் ஏ, ஒரு வருடம் வரை சிறை. 2019-ல் உரிமக்காரர்களுக்குச் சாதகமாக இன்னொரு திருத்தமும் வந்தது: நேரில் சொன்ன உடனே கிளம்பிவிட்டால் அதையே நீதிமன்றத்தில் தற்காப்பாகச் சொல்லலாம்.

லோன்ஸ்டார்_முருகேசு
சுந்தரம் சார் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, சிவப்புல 51%னு போட்ட பலகை. வருமானத்துல 51 சதவீதமோ அதுக்கு மேலயோ அங்கேயே குடிக்கிற மதுல இருந்து வர்ற பார்கள். அங்க உரிமம் இருந்தாலும் எடுத்துட்டுப் போகக் கூடாது. அது 200 டாலர் விஷயம் இல்ல, ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். இட்லிக்கடைக்குச் சம்பந்தமில்ல, ஆனா படிக்கிறவங்க கிளாஸ் சி தானேன்னு பார்ல போய் உக்காந்துடக் கூடாது.

பிளேனோ_பெரியசாமி
தம்பிகளா, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபிஸ் கேஃபடீரியா. மதியச் சாப்பாட்டு நேரம். ஒருவன் பிக்கப் டிரக்கை ஜன்னல் வழியாக உள்ளே ஓட்டி வந்து சுட ஆரம்பித்தான். 23 பேர் இறந்துபோனார்கள். அன்று சூசன்னா ஹப் என்ற பெண் தன் அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட வந்திருந்தார். கைப்பையைத் துழாவியபோதுதான் துப்பாக்கி காரில் இருப்பது நினைவுக்கு வந்தது. அப்போது டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்வது சட்டவிரோதம். பிடிபட்டால் தன் கைரோபிராக்டர் (முதுகெலும்பு சிகிச்சை) தொழில் உரிமம் போய்விடும் என்று பயந்து காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் அங்கேயே இறந்தார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். 1995 சட்டத்துக்குப் பின்னால் இருந்த பெரிய குரல் அவருடையது. 1996-ல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தக் கதை தெரிந்த பிறகும் வாசலில் "துப்பாக்கி வேண்டாம்" என்று எழுதுவது, வருகிறவனிடம் "இங்கே எவனும் எதிர்க்கமாட்டான்" என்று சொல்வது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஒஹையோ_செல்வி
பெரியசாமி ஐயா, அந்த அம்மாவின் துயரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் துப்பாக்கியைக் காரில் வைத்தது லூபிஸ் வாசலில் பலகை இருந்ததாலா? மாநிலச் சட்டம் தடுத்ததால். அரசு தடுப்பது ஒன்று, கடைக்காரர் தன் இடத்தில் தடுப்பது இன்னொன்று. அரசு தடுத்தால் உங்களுக்குப் போக வேறு இடமில்லை. கடைக்காரர் தடுத்தால் நாலு கடை தள்ளிப் போகலாம். லூபிஸ் கதையை வைத்து 1995 சட்டம் சரி என்று வாதாடுங்கள், கேட்கிறேன். அதை வைத்து "இட்லிக்கடைக்காரர் பலகையை மீறலாம்" என்று வாதாட முடியாது.

பிளேனோ_பெரியசாமி
மீறலாம் என்று நான் சொல்லவில்லை அம்மா. வைக்காதே என்கிறேன்.

லோன்ஸ்டார்_முருகேசு
செல்வி அக்கா, கிரீன்வுட் ஷாப்பிங் மாலை மறந்துட்டீங்க. இண்டியானாபொலிஸ் பக்கம், 2022 ஜூலை 17. ஃபுட் கோர்ட்ல ஒருத்தன் ரைஃபிளோட வந்து மூணு பேரைக் கொன்னுட்டான். 22 வயசுப் பையன் ஒருத்தன், சாதாரண கஸ்டமர், கைத்துப்பாக்கியை எடுத்துத் தூரத்துல இருந்தே அவனைச் சாய்ச்சான். எல்லாம் பதினைஞ்சு செகண்டுக்குள்ளன்னு சொன்னாங்க. அந்த மாலோட நடத்தை விதியில ஆயுதத்துக்கு அனுமதி கிடையாது. அந்தப் பையன் விதியை மதிச்சிருந்தா?

ஒஹையோ_செல்வி
மறக்கவில்லை. மூன்றோடு நின்றது அவரால்தான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இண்டியானாவில் அந்த விதிக்குச் சட்ட பலம் கிடையாது. அவர் மீறியது மால் நிறுவனத்தின் விதியை, சட்டத்தை அல்ல. டெக்சஸின் 30.06 அப்படியில்லை.

இன்னொரு ஷாப்பிங் மாலையும் சேர்த்துப் பாருங்கள். 2018 நவம்பர் 22, தேங்க்ஸ்கிவிங் இரவு, அலபாமாவில் ஹூவர் ஊரின் ரிவர்சேஸ் கேலரியா. அங்கேயும் துப்பாக்கிக்கு அனுமதியில்லை. உள்ளே துப்பாக்கிச்சூடு. 21 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் கையில் துப்பாக்கியோடு ஓடினார். போலீஸ் அவரையே சுட்டவர் என்று எண்ணிச் சுட்டுக் கொன்றது. உண்மையில் சுட்டது வேறு ஆள், பிறகு பிடிபட்டார். சுட்ட அதிகாரி மீது வழக்குப் போடப்படவில்லை. நம் நிறத்தில் இருக்கும் ஒருவர், கூச்சல் நடுவே துப்பாக்கியை உருவி நின்றால், ஓடிவரும் அதிகாரிக்கு யார் யார் என்று எப்படித் தெரியும்? கிரீன்வுட் கதை சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மட்டுறுத்துநர்
இதுவரை நாகரிகமாகப் போகிறது, நன்றி. இரண்டாம் திருத்தம் (ஆயுதம் வைத்திருக்கும் உரிமை) வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே கடை, பலகை, அதை மதிப்பது பற்றி மட்டும். கட்சிப் பெயர் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

நேப்பர்வில்_நாகராஜ்
இலினாய் நிலவரம். அமெரிக்காவிலேயே கடைசியாக 2013-ல்தான் மறைத்து எடுத்துச் செல்ல எங்களுக்கு அனுமதி வந்தது. பலகை மாநிலப் போலீஸ் சொன்ன ஒரே மாதிரி: வெள்ளைப் பின்னணி, கறுப்புத் துப்பாக்கி, சிவப்பு வட்டமும் கோடும், 4க்கு 6 இஞ்ச். டெக்சஸ் மாதிரி கதவு முழுக்க எழுத வேண்டாம். அனுமதியில்லாத இடமானாலும் அதன் பார்க்கிங்கில் காருக்குள் பூட்டி வைக்கலாம்.

எனக்குப் பயம் அந்தப் பார்க்கிங்தான். பலகையைப் பார்த்ததும் நல்லவர் என்ன செய்கிறார்? டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்து உருவி, கிளவ் பாக்ஸில் திணித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். உருவும்போதும் திரும்பச் செருகும்போதும்தான் கை தவறி வெடிக்கும் ஆபத்து அதிகம். கார் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி எடுப்பதோ பெரிய ஊர்களில் அன்றாடத் திருட்டு. டிரக்கின் பின்னால் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் திருடனுக்கு விலாசமே கொடுத்த மாதிரி. கேரி பண்ணுபவர் சீட்டுக்கு அடியில் கேபிளால் கட்டிய ஒரு சின்ன இரும்புப் பெட்டியாவது வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவழிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் ஹோல்ஸ்டருக்கு (துப்பாக்கி உறை) நூறு டாலர் தருவார்கள்.

பிராசஸிங்_டைம்
எல்லோரும் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பது போலப் பேசுகிறீர்கள். இங்கே பாதிப் பேர் எச்1பி. நமக்குக் கேள்வியே வேறு. எச்1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. டெக்சஸில் லைசென்ஸ் தேவையில்லை என்று வந்ததும் எங்கள் குழுவில் ஒரு தம்பி "அப்போ நாமளும் வாங்கலாமா" என்று கேட்டான். மாநிலம் லைசென்ஸ் கேட்காமல் விட்டதால் மத்தியச் சட்டம் மறைந்துவிடாது. அவன் தப்பித்தான், வாங்கவில்லை.

எச்4-ல் (எச்1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் மனைவி, கிரீன் கார்டு வாங்கிய கணவர் என்று கலந்து இருக்கும் வீடுகளும் யோசிக்க வேண்டும். துப்பாக்கி கணவர் பெயரில் இருந்தாலும், பூட்டாமல் மனைவி கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தால் அதுவும் "வைத்திருந்தது" என்று வாதிட இடமுண்டு.

செக்‌ஷன்_சுந்தரம்
இது முக்கியமான விஷயம், கிரீன் கார்டுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கிரீன் கார்டு இருந்தால் துப்பாக்கி வாங்கலாம், எல்டிசியும் எடுக்கலாம். ஆனால் குடிவரவுச் சட்டத்தில் நாடு கடத்துவதற்கான காரணங்களில் துப்பாக்கிக் குற்றத்துக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சட்டத்தை மீறி வைத்திருந்தாலோ எடுத்துச் சென்றாலோ, தண்டிக்கப்பட்டால் அந்தப் பிரிவுக்குள் வர வாய்ப்புண்டு. எவ்வளவு அபராதம் என்பது அங்கே கணக்கில்லை.

டெக்சஸில் பிறந்தவருக்கு 30.06 மீறல் என்பது 200 டாலர் தலைவலி. கிரீன் கார்டில் இருப்பவர் "கிளாஸ் சி தானே, கட்டிவிட்டுப் போகலாம்" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினால், அது தண்டனையாகப் பதிவாகிறது. பிறகு குடியுரிமைப் படிவத்தில் அதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு பலகையை மீறியது நாடு கடத்தும் அளவுக்குப் போகுமா என்பது குடிவரவு வழக்கறிஞர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியே நம் வாழ்க்கையில் எழக் கூடாது. நேரில் சொன்னால் உடனே வெளியேறுங்கள், சீட்டு வந்தால் வக்கீலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ரேஞ்சில் இருக்கும் வெள்ளைக்கார நண்பர் "எவனுக்கு எக்ஸ்ரே கண்" என்று சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம். அவர் பாஸ்போர்ட் வேறு.

லோன்ஸ்டார்_முருகேசு
இதை எல்டிசி கிளாஸ்ல சொல்லித் தரவே இல்ல. என் தம்பிக்கு லிங்க் அனுப்பிட்டேன்.

மயிலை_இன்_ஜெர்சி
கொஞ்சம் திசைமாறல். நீங்கள் எல்லாம் "பலகை வைத்தால் தடை" என்று பேசுகிறீர்கள். அதையே தலைகீழாக்கிய மாநிலங்கள் உண்டு. 2022 ஜூனில் புரூயன் தீர்ப்பு வந்து நியூயார்க்கின் பழைய உரிமச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், நியூயார்க் "கடைக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால் தவிரத் தனியார் இடத்துக்குள் துப்பாக்கி கூடாது" என்று எழுதியது. 2023-ல் ஹவாயும் அதையே செய்தது. பேசாமல் இருந்தாலே தடை. பொதுமக்கள் வந்துபோகும் கடைகளுக்கு நியூயார்க்கின் விதி செல்லாது என்று இரண்டாம் சர்க்யூட் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) சொல்ல, ஹவாயின் விதி செல்லும் என்று ஒன்பதாம் சர்க்யூட் 2024-ல் சொன்னது. 2025 அக்டோபரில் ஹவாய் வழக்கை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செல்வி சொல்வது போல முடிவு கடைக்காரருடையது என்றால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அரசு ஏன் அவருக்காகப் பதில் சொல்ல வேண்டும்?

ஒஹையோ_செல்வி
அதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆச்சரியப்படாதீர்கள்.

இட்லிக்கடை_இர்விங்
நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு பயம் மட்டும் பாக்கி. பலகை வைத்து, ஏதாவது நடந்துவிட்டால், "நீ தடுத்ததால்தான் நான் தற்காத்துக்கொள்ள முடியவில்லை" என்று வழக்குப் போடுவார்களா? வைக்காமல் விட்டு ஏதாவது நடந்தால் "ஏன் தடுக்கவில்லை" என்பார்களா?

செக்‌ஷன்_சுந்தரம்
யாரும் எதற்கும் வழக்குப் போடலாம், ஜெயிப்பதுதான் கடினம். 2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா ஊரில், சினிமார்க் தியேட்டரில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு போதவில்லை என்று தியேட்டர் மீது வழக்கு நடந்தது. 2016-ல் ஜூரி தியேட்டர் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டது. விஸ்கான்சினில் இன்னும் ஒரு படி மேலே போய், துப்பாக்கியைத் தடுக்காமல் விட்ட கடைக்காரருக்கு அந்த முடிவால் வரும் வழக்கிலிருந்து சட்டமே விலக்குக் கொடுக்கிறது. கவனியுங்கள், தடுக்காதவருக்குத்தான் விலக்கு. பலகை வைக்காதே என்று காதோடு சொல்வது போல இருக்கிறது. டெக்சஸில் உங்கள் கவலைக்கு உங்கள் காப்பீட்டு ஏஜென்ட் எழுத்தில் பதில் தரட்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

பிளேனோ_பெரியசாமி
இன்னொன்று. பலகை வைத்தால் அதைச் செயல்படுத்துவது யார்? பரிமாறுகிற பெண் பிள்ளை ஒருத்தி, சட்டை தூக்கியதில் பிடியைப் பார்த்துவிட்டாள் என்று வையுங்கள். அவள் போய் "சார், வெளியே போங்க" என்பாளா? எழுதினவன் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். வால்மார்ட்டே என்ன செய்தது? 2019 ஆகஸ்டில் எல் பாசோ கடையில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் "வெளியே தெரியும்படி கொண்டுவராதீர்கள்" என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டதே தவிர, மறைத்து எடுத்து வருபவர்களைத் தடுக்கவில்லை. ஸ்டார்பக்ஸ் 2013-ல் செய்ததும் வேண்டுகோள்தான், தடை இல்லை. அவ்வளவு பெரிய கம்பெனிகள் தங்கள் கேஷியர்களை அந்தச் சண்டையில் இறக்க விரும்பவில்லை.

ஒஹையோ_செல்வி
அந்தப் பெண் போய்ச் சொல்லவே கூடாது. மேலாளரிடம் சொல்ல வேண்டும், மேலாளர் ஒரு தடவை மரியாதையாகச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் போலீஸ். இதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிறகு வாசலில் பலகை மாட்டுங்கள்.

இட்லிக்கடை_இர்விங்
மூன்று பங்குதாரரும் உட்கார்ந்து பேசினோம். 30.05, 30.07 இரண்டும் வைக்கிறோம். 30.06 வைக்கவில்லை. அதாவது வகுப்புக்குப் போய், துப்பாக்கிச் சோதனையில் தேறி உரிமம் வாங்கியவர் மறைத்து எடுத்து வந்தால் கேட்கமாட்டோம். உரிமம் இல்லாதவரும், இடுப்பில் காட்டிக்கொண்டு வருபவரும் வேண்டாம். செல்வி அம்மா சொன்ன நடைமுறையை அச்சடித்து ஒட்டப் போகிறோம்.

ஒஹையோ_செல்வி
உங்கள் கடை, உங்கள் முடிவு, அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஆனால் ஒன்று. உரிமம் இருக்கிறதா இல்லையா என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் நிஜத்தில் தடுத்திருப்பது கண்ணில் படும் துப்பாக்கியை மட்டும்.

இட்லிக்கடை_இர்விங்
தெரியும் அம்மா. எல்டிசி பங்குதாரரையும் பலகை கேட்ட பங்குதாரரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க எனக்குக் கிடைத்தது இதுதான். இன்னொரு சந்தேகம். சமையல் மாஸ்டர் தன் டிரக்கில் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். கடைக்குள் ஊழியர்கள் கொண்டுவரக் கூடாது என்று எழுதிவிட்டோம். பார்க்கிங்கில் காரிலும் கூடாது என்று எழுதலாமா?

செக்‌ஷன்_சுந்தரம்
எழுத முடியாது. 2011-லிருந்து டெக்சஸ் தொழிலாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை ஊழியர் தன் பூட்டிய காரில் வைத்துக்கொள்வதை நிர்வாகம் தடுக்கக் கூடாது, பள்ளிகள் மாதிரி சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. கடைக்குள்ளே கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை. மாஸ்டரிடம் நாகராஜ் சொன்ன இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசுங்கள்.

லோன்ஸ்டார்_முருகேசு
அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பானிஷ் வாசகத்தைச் சட்டப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே போடுங்க, கூகுள்ல மொழிபெயர்க்காதீங்க. எழுத்து கண்ணாடி நிறத்தோட கலந்துடாம வெள்ளைல கறுப்பா இருக்கட்டும். 30.07 ஒவ்வொரு வாசல்லயும் வேணும், பின்பக்கம் பார்சல் கதவையும் விட்டுடாதீங்க.